எல்லையைக் கடக்கும் சாலையும் எல்லையோடு போகும் சாலையும்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வயது ஐம்பதை நெருங்குகிறது; கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கி, நகரச் சாலைகளிலும் அழகர்கோவில் பக்கமும் ஓட்டிப் பழகியிருக்கிறார்; தேனி, இடுக்கி எல்லைப் பகுதியில் மூன்று நாள் தங்கி, மலையடிவாரக் கிராமங்கள் வழியாக ஓட்ட விரும்புகிறார். ஆனால் கைப்பேசி வரைபடத்தில் தேடினால் அது குமுளி நெடுஞ்சாலையிலோ போடிமெட்டுச் சாலையிலோ கொண்டுபோய் விடுகிறது. "லாரியும் பஸ்ஸும் இல்லாத மலைச்சாலை இந்தப் பக்கம் உண்டா? கம்பம்மெட்டு என்னால் ஏற முடியுமா?" என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார்.

வண்டியே வராத தார்ச்சாலை எது என்பது அவருடைய உண்மையான கேள்வி அன்று என்றே எனக்குப் படுகிறது. அப்படி ஒரு சாலை இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. ஊர் இருக்கிற இடத்தில் பஸ் வரத்தான் செய்யும். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்ற கவலையில்லாமல், மலையைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கத்தோடு ஓட்டக்கூடிய சாலை எது, அது எந்த மாதத்தில் எந்த நேரத்தில் அப்படி இருக்கும் என்பதே அவர் அறிய விரும்புவது. அதற்கு என்னால் ஓரளவு விரிவாகப் பதில் சொல்ல முடியும். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன்; பணிக்காலத்தின் பெரும்பகுதி மலைச்சாலைகளோடும் அடிவாரச் சாலைகளோடும் கழிந்தது; அந்தச் சாலைகளிலேயே நெடுங்காலமாகச் சைக்கிளும் ஓட்டி வருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு வண்டி ஏறக்கூடிய மலைச்சாலைகள் மூன்றுதான்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. காய்கறி, சிமெண்ட், வைக்கோல், சுற்றுலாப் பயணி, தோட்டத் தொழிலாளி, ஐயப்ப பக்தர் என்று மேலே போக வேண்டிய அனைத்தும் இந்த மூன்று வாசல்கள் வழியாகவே போயாக வேண்டும். ஆகவே எல்லையைக் கடக்கும் சாலை எதுவாக இருந்தாலும் அதில் நெரிசல் இருக்கும். எல்லைக்கு இணையாக, மலையின் காலடியைத் தொட்டுக்கொண்டு போகிற சாலைகளுக்கோ வெளியூர் வண்டிகள் வர வேண்டிய தேவையே இல்லை. அவற்றில் போகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்குச் சாலை வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நீண்ட நாள் கோரிக்கை. அந்த மக்களின் நியாயமும் சிரமமும் எனக்குத் தெரியும். போடியையோ கம்பத்தையோ சுற்றித்தான் அவர்கள் மேலே உள்ள தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சாலை இல்லாததால்தான் தேவாரம் பக்கம் இன்றும் சைக்கிளுக்கு உகந்த அமைதியோடு இருக்கிறது என்பதும் உண்மை. கைப்பேசி வரைபடம் இடத்திலிருந்து இடத்துக்கு விரைவான வழியைத் தேடுகிறது. விரைவான வழி என்பது எப்போதும் வாசலை நோக்கிப் போகும் வழி. நீங்கள் தேட வேண்டியது வாசல்களுக்கு இடையே உள்ள சுவரோரத்தை.

அப்படிப் பார்த்தால் முதலில் நான் சொல்வது போடியிலிருந்து சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போகும் மேற்கு அடிவாரச் சாலை. மொத்தம் 30 முதல் 35 கிலோமீட்டர். வலப்புறம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான முகம். அதன் உச்சியில் இருப்பது இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். இடப்புறம் பள்ளத்தாக்கு; தென்னை, மொச்சை, மக்காச்சோளம், கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். வெறிச்சோடிய சாலை என்று சொல்ல மாட்டேன். டவுன் பஸ் ஓடுகிறது, அதிகாலையில் காய்கறி ஏற்றிய வேன்கள் சந்தைக்குப் போகின்றன. ஆனால் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே உள்ள வெட்டவெளியில் நிமிடக்கணக்காக எதுவும் வராமல் ஓட்டலாம். இது வரைபடத்தில் சமதளம்போலத் தெரியும்; ஓட்டிப் பார்த்தால் அப்படி இராது. மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஓடையையும் சாலை கடக்க வேண்டியிருப்பதால், ஓடைக்கு இறங்கி, மறுபடி மேட்டுக்கு ஏறி, அடுத்த ஓடைக்கு இறங்கி என்று போய்க்கொண்டே இருக்கும். எந்த ஏற்றமும் நீளமானது அன்று. மலையேறுவதற்கு முன் கியரை எப்போது மாற்றுவது, மூச்சை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பழக இதைவிடப் பொருத்தமான சாலை எனக்குத் தெரியவில்லை.

ஓடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிவாரச் சாலைகளில் விழுந்தவர்கள் பெரும்பாலும் ஓடையில்தான் விழுந்திருக்கிறார்கள். சிறிய ஓடைகளுக்குப் பாலம் கட்டாமல், ஓடையின் மட்டத்திலேயே கான்கிரீட் போட்டுத் தரைப்பாலம் அமைப்பது வழக்கம். வெள்ளம் வந்தால் அதன் மேலேயே ஓடும். இரண்டு பக்கமும் இறக்கம் என்பதால் சைக்கிள் நல்ல வேகத்தோடுதான் அங்கே வந்து சேரும். மழை நின்று வாரக்கணக்கான பிறகும் மெல்லிய நீர்க்கசிவு இருக்கும் இடத்தில், சக்கரம் படாத நடுப்பகுதியிலும் ஓரத்திலும் பாசி பிடித்திருக்கும். தூரத்திலிருந்து அது நனைந்த கான்கிரீட் போலவே தெரியும், பக்கத்தில் வந்தால்தான் கரும்பச்சை புலப்படும். அதன் மேல் பிரேக் பிடித்தாலோ கைப்பிடியைத் திருப்பினாலோ சக்கரம் வழுக்கிவிடும். தரைப்பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கார், பஸ் சக்கரங்கள் ஓடி ஓடிப் பாசி தேய்ந்த தடத்தில், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக ஓடினால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதும் திடீரென வந்து சேரும் ஓடைகள் இவை. அரை மணி காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும்.

இரண்டாவது, கிழக்கு அடிவாரம். உத்தமபாளையத்திலிருந்து ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று மேகமலைத் தொடரின் காலடியில் வந்து, கம்பத்தில் முடிக்கலாம். இராயப்பன்பட்டிக்கு அருகே சண்முகாநதி அணை. சுருளிப்பட்டியிலிருந்து சுருளி அருவிக்கு ஒரு கிளை. இந்தப் பக்கம் திராட்சைத் தோட்டங்களே தோட்டங்கள்; கல்தூண் ஊன்றிக் கம்பிப் பந்தல் போட்டு, தலைக்கு மேல் கொடி படர்ந்திருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். அந்தத் திராட்சை விளையும் வீதிகள் இவைதான். மேற்கு அடிவாரத்தைவிட இங்கே சாலை குறுகல், ஊர்கள் நெருக்கம். அமாவாசை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் சுருளிக்குக் கூட்டம் வரும். அந்த நாட்களில் சுருளிக் கிளையைத் தவிர்த்துவிட்டு மற்றதை ஓட்டலாம்.

இந்த இரண்டு சாலைகளையும் எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதை மலையே முடிவு செய்கிறது. மேற்கே நிற்கிற தொடர் உயரமானது என்பதால், அதன் அடிவாரத்தில் மாலை வெயில் சீக்கிரமே மறைந்து, கம்பத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கோம்பையிலும் தேவாரத்திலும் நிழல் விழுந்துவிடும். அதேபோல் கிழக்கு அடிவாரத்தில் காலையில் மேகமலையின் நிழல் வெகுநேரம் நிற்கும். ஆகவே காலையில் கிழக்குப் பக்கம், பிற்பகலில் மேற்குப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் ஓட்டினாலும் வெயிலின் கடுமை பாதிக்குப் பாதி குறையும். சாலை அமைக்கிறவர்கள் தார் போடும் வேலைக்கு வெயிலைக் கணக்கிடுவோம். சைக்கிள் ஓட்டுகிறவரும் அதைக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது வகை, முட்டுச்சாலை. மலைக்குள் போய் ஓர் ஊரோடு நின்றுவிடுகிற சாலையில் கடந்து போகிற வண்டி என்று ஒன்று இருக்க முடியாது. போடியிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகும் சாலை இவற்றில் மிகச் சிறந்தது. முந்தலுக்கு அருகே மூணாறு நெடுஞ்சாலை இடப்புறம் மலையேறத் தொடங்கும். நீங்கள் அதை விட்டுப் பிரிந்து பள்ளத்தாக்குக்குள் நுழைகிறீர்கள். அந்தக் கணமே இரைச்சல் அடங்கி ஆற்றுச் சத்தம் கேட்கத் தொடங்கும். இன்று முட்டுச்சாலையாக இருக்கிற இது ஒரு காலத்தில் பெரிய வழித்தடம். மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. குரங்கணியில் சாலை நிற்கும் இடத்தோடு நீங்களும் நின்றுகொள்ள வேண்டும். அதற்கு மேலே காட்டுப்பாதை. 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்தது இந்த மலையில்தான். வனத்துறை அனுமதியின்றி அதில் கால்வைக்கக் கூடாது. சைக்கிளோடு நிச்சயமாகக் கூடாது.

இனிக் கம்பம்மெட்டு. ஏற முடியுமா என்ற கேள்விக்கு என் துறை சார்ந்த பகுதியை மட்டும் சொல்கிறேன். இதயம், முழங்கால் பற்றிய பகுதி உங்கள் மருத்துவருக்குரியது, இந்த வயதில் மலையேறுமுன் அவரிடம் ஒரு முறை காட்டிக்கொள்வதே முறை. இந்தியச் சாலைப் பேரவையின் விதிகள்படி, இது போன்ற செங்குத்து நிலத்தில் சாலையின் சாதாரணச் சரிவு நூற்றுக்கு 6 (அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு ஆறு மீட்டர் உயர்வு), மிஞ்சினால் 7, தவிர்க்க முடியாத சிறு துண்டுகளில் 8. கொண்டை ஊசி வளைவின் உள்ளே அது நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் போகக் கூடாது. பழைய மலைச்சாலைகள் எல்லா இடத்திலும் இந்த விதிக்குள் அடங்கியவை என்று சொல்ல முடியாது. ஆயினும் லாரியும் பஸ்ஸும் ஏறுகிற சாலை இந்த அளவை விட்டு வெகுதூரம் விலகியிருக்காது. இதிலிருந்து இரண்டு பயன்கள். ஒன்று, நூற்றுக்கு 6, 7 என்பது சரியான கியர் இருந்தால் சாதாரண உடல்நிலை உள்ளவர் அமர்ந்தபடியே ஏறக்கூடிய சரிவு. முன்பல்சக்கரத்தில் 34, பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகம் வரும்; அது போதும். பின்னால் 25, 28 பல்லோடு நிற்கும் பந்தய சைக்கிளாக இருந்தால் கடைக்காரரிடம் கொடுத்துப் பின்பல் தொகுப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள். முழங்காலைக் காப்பாற்றும் செலவு அது. இரண்டு, வளைவுக்கு உள்ளே சரிவு தணிந்திருப்பதால் அங்கேதான் மூச்சு வாங்க வேண்டும். புதிதாக ஏறுகிறவர்கள் வளைவைக் கண்டதும் எழுந்து நின்று மிதித்துக் களைத்துப் போகிறார்கள். வளைவின் வெளிவிளிம்பை ஒட்டிப் போனால் சரிவு இன்னும் தணியும். ஆனால் மேலிருந்து வண்டி இறங்கும் சத்தம் இல்லை என்பதைக் காதால் உறுதி செய்துகொண்டு, உங்களுக்குரிய இடப்பக்கத்தை விடாமல் செய்ய வேண்டும்.

கம்பத்திலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். முதல் சில கிலோமீட்டர் தோட்டங்களுக்கு நடுவே மெதுவாக உயர்ந்து, பிறகு வளைவுகள் தொடங்குகின்றன. நின்று நின்று ஏறினாலும் இரண்டு மணி நேரத்தில் முடியும். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் குமுளியைப் பிடித்துக்கொள்வதால் மூன்று வாசல்களில் இதுவே அமைதியானது. ஆனால் அதற்கு இரண்டு விலக்குகள் உண்டு, இரண்டும் முக்கியமானவை. ஏலத்தோட்டத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக ஏறும்; பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அதே வேகத்தில் இறங்கும். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். அதனாலேயே வேகமாக ஓட்டுவார்கள். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், கடைசி ஆள் பின்படியில் தொற்றிக்கொண்டிருப்பார். அந்த வண்டிக்கு உங்களுக்காகச் சட்டென்று ஒதுங்கும் வசதி இல்லை. அந்த இரண்டு அலைகளுக்கும் நடுவே, காலை எட்டு மணிக்கு அடிவாரத்தை விட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்பி இறங்கிவிட வேண்டும். இரண்டாவது விலக்கு சபரிமலை காலம். கார்த்திகை முதல் நாளிலிருந்து ஜனவரி நடுவில் மகரவிளக்கு முடியும் வரை, நெரிசல் மிகுந்த நாட்களில் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீஸார் திருப்பிவிடுவது வழக்கம். ஆண்டின் மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும் சாலை அப்போது இரவும் பகலும் ஒரே வரிசையாக நகரும். தூங்காமல் நெடுந்தூரம் ஓட்டி வரும் ஓட்டுநர்கள் மிகுந்த அந்த நாட்களில் மலைச்சாலையில் சைக்கிளோடு இருக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

போடிமெட்டை நான் பரிந்துரைக்கவில்லை. 17 கொண்டை ஊசி வளைவுகளோடு, போடியிலிருந்து 26 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரும் அந்த ஏற்றம் சரிவளவில் கம்பம்மெட்டைவிட மென்மையானதுதான். காட்சியும் மூன்றிலும் சிறந்தது. ஆனால் அது கொச்சி, தனுஷ்கோடி சாலை என்று வழங்கிவந்த தேசிய நெடுஞ்சாலை. மேலே மூணாறு வரை சாலை அகலமாக்கப்பட்ட பிறகு கார்களின் வேகமும் எண்ணிக்கையும் கூடிவிட்டன. வார நாளில், விடிந்ததும் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் மேலே சேரக்கூடியவர்களுக்கு மட்டும் அது சரி. குமுளிச் சாலை லோயர் கேம்ப்பிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் பிரம்மாண்டமான குழாய்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் லாரிக்குப் பின் லாரி. அதை விட்டுவிடுவதில் இழப்பில்லை.

மேலே போனபின்பும் முன்சொன்ன கணக்கே பொருந்துகிறது. கம்பம்மெட்டிலிருந்து வடக்கே கூட்டாறு, தூக்குப்பாலம் வழியாக ராமக்கல்மேடு. தெற்கே புற்றடி, ஆனக்கரை, செல்லார்கோவில் என்று மலைவிளிம்பை ஒட்டிப் போகும் சாலைகள் எல்லைக்கு இணையானவை. ஏலக்காய்க்காக விட்டுவைத்த நெடிய மரங்களின் நிழல் சாலை மேல் விழுகிறது. செல்லார்கோவிலிலும் ராமக்கல்மேட்டிலும் நின்று பார்த்தால், முந்தின நாள் நீங்கள் ஓட்டிய கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். ஆனால் இரு மாநிலச் சாலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போங்கள். நம் பக்கத்தில் வீடுகள் ஊராகக் கூடியிருக்கும், இடையே வெட்டவெளி. கேரளத்தில் வீடுகள் சாலை நெடுகச் சிதறியிருக்கும். அதனால் அங்கே முழுத் தனிமை கிடைக்காது. மாறாக, சங்கிலி அறுந்தாலும் தண்ணீர் தீர்ந்தாலும் கூப்பிடு தூரத்தில் யாராவது இருப்பார்கள். தோட்டப் பகுதியில் தமிழ் தெரியாதவர்கள் குறைவு, ஆகவே மொழி ஒரு தடையே அன்று. பிரதான சாலையை விட்டுப் பிரியும் பஞ்சாயத்துக் கான்கிரீட் சாலைகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவை ஜீப்புக்காகப் போட்டவை; நான் மேலே சொன்ன சரிவு விதி எதுவும் அங்கே செல்லாது. நூற்றுக்கு 15க்கு மேல் நிமிர்ந்து நிற்கும் துண்டுகளை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்; ஏறும்போது இறங்கித் தள்ளலாம், இறங்கும்போதோ பிரேக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு சொல். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வந்தால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். நேர்த்துண்டில் பிரேக்கை விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்ப வேண்டும். வளைவின் உள்ளோரத்தில் சரளை குவிந்திருக்கும். மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். நீங்கள் இறங்கும்போது அதை மறக்க வேண்டாம்.

எந்த மாதம் என்று கேட்டால், பொங்கல் முடிந்த மறுவாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை என்று தயங்காமல் சொல்வேன். சபரிமலை நெரிசல் ஓய்ந்திருக்கும், இரு பக்கமும் மழை இராது, வெயில் ஏறியிருக்காது. மார்ச்சில் காடு காய்ந்துவிடும். தீப்பரவல் அச்சத்தால் வனத்துறை கட்டுப்பாடுகளைக் கூட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே கேரளத்தில் அடைமழை; கீழே நம் பக்கத்தில் மழை குறைவு, காற்று மிகுதி. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடப்பதால், தேனியிலிருந்து கம்பம் போகிறவருக்கு அது நேர் எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகில் தள்ளும். அந்த மாதங்களில் வர நேர்ந்தால், காற்று எழுவதற்கு முன் காலையிலேயே தெற்கே போய்விட்டு, பிற்பகலில் காற்றோடு திரும்புங்கள். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை; ஓடைகள் பொங்கும் காலம் அதுவே.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று சாலையின் இன்றைய மேற்பரப்பு. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுவதும், ஜல்லி பரப்பிவிட்டுத் தார் போட வாரக்கணக்கில் காத்திருப்பதும் வாடிக்கை. போன மாதம் வழவழப்பாக இருந்த துண்டு இந்த மாதம் ஓட்ட முடியாததாக இருக்கலாம். முந்தின நாள் மாலை டீக்கடையில் பஸ் ஓட்டுநரையோ பால் வண்டிக்காரரையோ கேட்பதைவிட நம்பகமான வழி இல்லை. மற்றது யானை. நான் சொன்ன அடிவாரச் சாலைகள் பெரும்பாலும் தோட்டங்களுக்கு நடுவே போகின்றன. ஆனால் 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள்ளேயே நடந்து வந்ததைப் பார்த்த ஊர் இது, ஆகவே வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. சைக்கிளின் ஓசையின்மையே இங்கே ஆபத்து. மோட்டார் சத்தம் கேட்டால் யானை முன்பே விலகும் அல்லது நின்று கவனிக்கும். சைக்கிள் வளைவு திரும்பிப் பத்தடியில் போய் நின்றால் அது திடுக்கிடும். காடு சாலையைத் தொடும் இடங்களில் மணியடித்துக்கொண்டோ பேசிக்கொண்டோ போங்கள். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் அங்கே இருக்காதீர்கள். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர், ஆனைமலையிலிருந்து வால்பாறை, மேக்கரையிலிருந்து அச்சன்கோவில் ஆகிய காட்டுச்சாலைகள் வரைபடத்தில் ஆசையூட்டும் அளவுக்கு வெறுமையாகத் தெரியும். அவை வனவிலங்குகளின் சாலைகள். சைக்கிளை விடுவதும் விடாததும் அன்றன்றைய சோதனைச்சாவடியின் முடிவு. தனியாகப் போகிறவருக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

குறுகிய சாலையில் பஸ் வரும்போது என்ன செய்வது என்பதும் நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி என்று எண்ணுகிறேன். ஒருவழித்தடத் தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர், பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். மிச்சம் ஒன்றேகால் மீட்டர். அதில் ஆடாமல் அசையாமல் ஓட்ட எவராலும் முடியாது. சாலையை மேலே மேலே புதுப்பித்ததில் தார் விளிம்புக்கும் சாலையோர மண் புருவத்துக்கும் இடையே அரையடிப் பள்ளம் விழுந்திருக்கும் இடங்கள் உண்டு. கடைசி நொடியில் அதில் சக்கரத்தை இறக்கினால் விழுவது நிச்சயம். பஸ் தூரத்தில் தெரியும்போதே, புருவம் தாரோடு சமமாக இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கி நின்றுவிடுங்கள். ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போவார். உங்களுக்கு இழப்பு அரை நிமிடம். நாய் துரத்தினாலும் இதேதான்: வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் தன் எல்லை முடிந்ததும் அது திரும்பிவிடும்.

வேறு எல்லைப் பகுதிகளில் இத்தகைய சாலைகளை நீங்களே கண்டுபிடிக்க, சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பும் நீலமும் மாவட்டச் சாலைகள். ஆரஞ்சு கிராமச் சாலை. கறுப்பு, நீலம், ஆரஞ்சு மூன்றிலும், மலைக்கு இணையாகப் போகும் துண்டுகளையே தேர்ந்தெடுங்கள். செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவு வாசலில் டாரஸ் லாரிகள் ஓயாது. ஆனால் செங்கோட்டை, பண்பொழி, வடகரை, மேக்கரை என்று அடவிநயினார் அணை வரை அடிவாரத்திலேயே ஓட்டினால் வயலும் தென்னையும்தான். பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு நெடுஞ்சாலையை விட்டு வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியாகக் கொல்லங்கோடு போனால் நெல்லியாம்பதி மலைச்சுவரின் காலடிக்கே போய்ச் சேரலாம். அங்கே ஏற்றம் குறைவு, காற்று அதிகம்.

உங்கள் மூன்று நாளுக்கு என் திட்டம் இது. மதுரை, போடி அகல ரயில்பாதை 2023 ஜூனில் போடி வரை முழுமையானதால், சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து நேராகப் போடியில் இறங்கலாம். பதிவு நேரத்தை முந்தின நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை குரங்கணி போய்த் திரும்பி, மதிய வெயிலுக்குப் போடியில் இளைப்பாறி, மூன்று மணிக்கு மேல் மலை நிழலில் தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையம். இரண்டாம் நாள் காலை கிழக்கு அடிவாரம் வழியாகக் கம்பம், மீதி நாள் முழு ஓய்வு. மூன்றாம் நாள், அது வார நாளாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, எட்டு மணிக்குக் கம்பம்மெட்டு ஏற்றம். மெட்டில் சாயா குடித்த பிறகும் கால் தெம்பாக இருந்தால் மட்டும் ஆனக்கரை, செல்லார்கோவில் வரை போய் வாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே திரும்பி, தொழிலாளர் ஜீப்புகள் கிளம்புவதற்கு முன், மூன்று மணிக்குள் கம்பம் வந்துவிடுங்கள். கம்பத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் சைக்கிள் ஏற்றுவது நடத்துநரின் தயவைப் பொறுத்தது. ஆகவே அன்றிரவும் கம்பத்திலேயே தங்கி, மறுநாள் காலை போடிக்கு ஓட்டிச் சென்று ரயிலைப் பிடிக்கும்படி விடுப்பை ஒரு நாள் கூட்டிப் போட்டு வாருங்கள்.